உங்கள் தெரு ஏரியாக இருந்ததா? பழைய வரைபடங்களை இன்றைய சென்னையின் மேல் வைத்துப் படிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னையில் ஒரு வகைப் படம் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் நீல நிறத்தில் ஓர் ஏரி வரையப்பட்டிருக்கும். கீழே, "இந்த இடமெல்லாம் ஏரி" என்று ஒரு வரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இப்படிப்பட்ட படங்கள் பெருகிவிட்டன. கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கு அச்சம், வாங்க நினைப்பவர்களுக்குக் குழப்பம். ஒரே தெருவை ஒரு படம் நீருக்குள்ளும் இன்னொரு படம் கரைக்கு வெளியிலும் காட்டும்போது எதை நம்புவது?

இந்தப் படங்களில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஆனால் அவற்றில் உள்ள ஏரிக் கோடு யாரால், எதற்காக, எந்த அளவுத் துல்லியத்தில் வரையப்பட்டது என்று தெரியாமல் அதைச் சர்வே கல்லாக எடுத்துக்கொள்வது தவறு. அந்தக் கோடு வெறும் பழங்கதை என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய தவறு. சரியாகப் படித்தால், நகரத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை.

என்னென்ன சான்றுகள் இருக்கின்றன

1. வரையப்பட்ட வரைபடங்கள். சென்னைக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நகர வரைபடங்கள் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையையும் அதன் வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தையும் காட்டும் 1733ஆம் ஆண்டு வரைபடம் அவற்றில் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்கள் வந்து சேர்ந்தன. இவற்றில் பலவற்றின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகம், டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பு போன்ற இடங்களில் இணையத்திலேயே கிடைக்கின்றன.

2. வானிலிருந்து எடுத்த படங்கள். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த கொரோனா படங்கள் 1995இல் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டன. கறுப்பு வெள்ளைதான், ஆனால் அவற்றில் சிறந்தவை தரையில் 2 மீட்டர் அளவுள்ள பொருளைக்கூடக் காட்டும். 1972இல் லேண்ட்சாட் வரிசை தொடங்கியது. அதன் முழுத் தொகுப்பும் 2008 முதல் இலவசம்.

3. நில அளவைப் பதிவுகள். கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படம், சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் அ பதிவேடு, நகரப் பகுதிகளுக்கான நில அளவைப் பதிவேடான டி.எஸ்.எல்.ஆர். ஆகியவை இதில் அடங்கும். மேலே சொன்ன வரைபடங்களும் வானிலிருந்து எடுத்த படங்களும் நிலத்தின் தோற்றத்தைக் காட்டுகின்றன. இந்த மூன்றாவது வகை மட்டுமே நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இது இருப்பதேயில்லை.

பழைய தாளை இன்றைய நிலத்தில் பொருத்துவது

தாள் வரைபடத்தை ஸ்கேன் செய்தால் கணினிக்கு அது வெறும் புகைப்படம். அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து நிலத்தோடு பொருத்தும் வேலைக்கு ஜியோரெஃபரன்சிங் என்று பெயர். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலும், மேப் வார்ப்பர் போன்ற இணையதளங்களிலும் இதை யாரும் செய்யலாம்.

பழைய வரைபடத்திலும் இன்றைய வரைபடத்திலும் மாறாமல் இருக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டிலும் குறிக்க வேண்டும். இவை கட்டுப்பாட்டுப் புள்ளிகள். குறைந்தது மூன்று தேவை. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வரைபடம் முழுவதும் பரவி இருந்தால்தான் வேலை உருப்படும். பிறகு மென்பொருள் பழைய படத்தைச் சுழற்றி, நீட்டி, சுருக்கி, ரப்பர் விரிப்பைப் போல இழுத்து அந்தப் புள்ளிகளில் உட்கார வைக்கிறது.

மாறாத இடம் எது என்று தீர்மானிப்பதில்தான் நகர வரலாற்று அறிவு தேவைப்படுகிறது. சென்னையில் நம்பத்தக்கவை: கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி கோயில் குளங்களின் மூலைகள், ஆர்மீனியன் தெருவின் ஆர்மீனியர் தேவாலயம். கோயில் குளத்தின் நான்கு மூலைகள் கோபுரத்தைவிட நல்ல புள்ளிகள், ஏனென்றால் பழைய வரைபடக்காரர்கள் கோபுரத்தைச் சித்திரமாகப் போடுவார்கள், குளத்தைத்தான் அளந்து போடுவார்கள்.

ஏமாற்றும் புள்ளிகளும் உண்டு. 1733 வரைபடத்தில் உள்ள பட்டணம் கோயிலை இன்று தேவராஜ முதலி தெருவில் இருக்கும் சென்னகேசவப் பெருமாள் கோயிலோடு பொருத்தினால் படம் முழுவதும் திருகிப் போகும். பழைய கோயில் இருந்தது இன்றைய உயர் நீதிமன்ற வளாகப் பகுதியில். 1746 முதல் 1749 வரை பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்து வைத்திருந்ததற்குப் பின், பீரங்கிகளுக்குத் திறந்த வெளி வேண்டும் என்று கோட்டையை ஒட்டிய பழைய கறுப்பர் நகரம் முழுவதும் படிப்படியாக இடித்துத் தள்ளப்பட்டது. கோயிலும் அதோடு போய், வேறு இடத்தில் புதிதாக எழுந்தது. திறந்த வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. சாந்தோம் தேவாலயமும் இதே போன்றதுதான்; இப்போதைய கட்டடம் 1896இல் முடிந்தது, அதற்கு முந்தைய வரைபடங்களில் இருப்பது வேறு கட்டடம். கூவம், அடையாறு முகத்துவாரங்களைப் புள்ளியாக வைக்கவே கூடாது. மணல்திட்டுகளோடு அவை இடம் மாறிக்கொண்டே இருப்பவை.

கோட்டின் தடிமனும் நான்கரை கிலோமீட்டர் கதையும்

புள்ளிகளைச் சரியாக வைத்தாலும் பிழை மிஞ்சும். அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் உங்கள் தெருவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

1. அளவுகோல். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற தாளில், 1 மில்லிமீட்டர் என்பது தரையில் ஏறத்தாழ 63 மீட்டர். அரை மில்லிமீட்டர் பேனாக் கோட்டின் அகலமே 32 மீட்டர்; அதற்குள் ஒரு தெருவும் இருபுறத்து வீடுகளும் அடங்கிவிடும். அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிட்ட 1:2,50,000 வரிசைத் தாளில் அதே கோடு 125 மீட்டர். மாறாக, மைலுக்கு 16 அங்குலம் கொண்ட கிராம வரைபடத்தில் அது 2 மீட்டர்தான். எனவே வரைபடத்தின் வயதைக் கேட்பதற்கு முன் அளவுகோலைக் கேட்க வேண்டும்.

2. பூமியின் வடிவம். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கின் மேல் அமைந்தவை. ஜிபிஎஸ்ஸும் கூகுள் வரைபடமும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கைப் பயன்படுத்துகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் எண்களை அப்படியே போட்டால் சென்னைப் பகுதியில் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போகும்.

3. தொடக்கப் புள்ளி. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டே இந்தியா முழுவதற்குமான தீர்க்கரேகைகள் கணக்கிடப்பட்டன. வில்லியம் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையும் அதோடுதான் கட்டப்பட்டது. வானாய்வகத்தின் தீர்க்கரேகை 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி என்று நீண்ட காலம் வைத்திருந்தார்கள். தந்தி வந்த பிறகு இரண்டு ஊர்களின் நேரத்தை ஒப்பிட்டு மறுபடி கணக்கிட்டபோது, அந்த எண் 2 நிமிடம் 27 விநாடி கூடுதல் என்று தெரிந்தது. நம் அட்சரேகையில் இது தரையில் ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர்! நாட்டின் ஊர்கள் எல்லாம் தாளில் அவ்வளவு கிழக்கே எழுதப்பட்டிருந்தன.

இதன் விளைவை உள்ளூரிலேயே பார்க்கலாம். திருத்தாத 19ஆம் நூற்றாண்டுத் தாளின் ஓரத்தில் அச்சிட்ட எண்களை நம்பி ஒருவர் படத்தைப் பொருத்தினால், இன்று மாம்பலம் ரயில் நிலையம் இருக்கும் இடம் கபாலீசுவரர் கோயிலின் மேல் போய் விழும். மாம்பலத்து ஏரி மயிலாப்பூர் மாட வீதிகளை மூழ்கடிக்கும். கபாலீசுவரர் கோயில் கடலுக்குள் போகும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்து குறைவு. அரைகுறையாகத் திருத்தி, 150 மீட்டர் பிழையோடு நிற்கும் படம்தான் ஆபத்தானது. அது பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

ஏரிக்கு எல்லை எது?

படத்தைப் பிழையே இல்லாமல் பொருத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி அதுதான்: அந்த நீலக் கோடு எந்தக் கோடு?

தொண்டை மண்டலத்து ஏரிகள் பள்ளத்தாக்கில் நிறைந்து நிற்கும் மலை ஏரிகள் அல்ல. மெல்லச் சரியும் சமவெளியில், சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கியவை. அதனால் ஏரிக்குக் கரை இருப்பது தாழ்வான பக்கத்தில்தான். கரையில் மதகு, ஓரத்தில் உபரிநீர் வழியும் கலங்கல், கரைக்குக் கீழே ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்கள். மேட்டுப் பக்கத்தில் சுவரோ கரையோ கிடையாது. மார்கழியில் அந்தப் பக்கம் நீர் அரை கிலோமீட்டர் ஏறி நிற்கும். சித்திரையில் அதே இடத்தில் மாடு மேயும்.

ஆக, ஏரியின் தாழ்பக்கக் கோடு கட்டப்பட்ட ஒரு பொருள். அதை அளவர் சங்கிலி போட்டு அளந்திருப்பார், நம்பலாம். மேட்டுப்பக்கக் கோடு அவர் எந்த மாதத்தில் வந்தார், அந்த ஆண்டு மழை எப்படி, யாரைக் கேட்டார் என்பதைப் பொறுத்தது. ஒரே ஏரியை இரண்டு நேர்மையான வரைபடங்கள் இரண்டு பரப்பில் காட்டுவது இதனால்தான். உங்கள் தெரு கரையோரக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் அது ஏரி நிலம் என்று உறுதியாகச் சொல்லலாம். மேட்டுப்பக்க விளிம்பில் இருந்தால், நல்ல மழை ஆண்டில் நீர் ஏறிய இடம் என்று மட்டுமே சொல்ல முடியும்.

கால்வாய்களில் பிழை வேறு திசையில் இருக்கிறது. மைலுக்கு ஓர் அங்குலத் தாளில் மூன்று மீட்டர் வாய்க்காலை அளவுப்படி வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. எனவே ஒரு குறியீட்டுக் கோடாகப் போட்டார்கள். அதை வைத்து வாய்க்காலின் அகலத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அது எங்கிருந்து எங்கே ஓடியது என்ற வழி உண்மையானது. வெள்ளத்தைப் புரிந்துகொள்ள ஏரியின் பரப்பைவிட இந்த மெல்லிய கோடுகளே அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போக ஒரு வழி இருந்தது. ஏரி மறைந்தபின் அந்த மழைநீருக்குப் போக்கிடம் அந்த வழி மட்டும்தான்.

மூன்று இடங்கள், மூன்று பாடங்கள்

*தியாகராய நகர்.* மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் தொடர்ந்து நீண்டு, ஆங்கிலேயர் வரைபடங்களில் லாங் டேங்க் என்று காணப்படும். 1920களில் நகரத்துக்குக் குடியிருப்பு மனை வேண்டும் என்று ஏரியின் பெரும்பகுதி வற்றவைக்கப்பட்டு, சர் பிட்டி தியாகராயரின் பெயரில் புதிய நகர் அமைந்தது. நுங்கம்பாக்கத்துப் பகுதியில் மிஞ்சியிருந்த ஏரி நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பழைய தாளை இன்றைய படத்தின் மேல் வைத்தால் பனகல் பூங்காவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரியும் சாலைகள் ஏரிப்படுகையில் விழுகின்றன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடு ஆகிய பெயர்களும் அதையே உறுதிசெய்கின்றன. தி. நகரின் மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுபோகும் வழி மாம்பலம் கால்வாய். மழை நாளில் இந்தப் பகுதியின் நிலைமை, அந்த ஒரு கால்வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

*கடற்கரை.* 1733 வரைபடத்தில் கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு எதிரே கடல். இன்று கோட்டைக்கும் அலைக்கும் நடுவே சாலையும் அகன்ற மணல்வெளியும் இருக்கின்றன. இதை வரைபடப் பிழை என்று நினைத்து, கடலோரத்தைக் கடலோரத்தோடு பொருத்தப் படத்தை இழுத்தால் நகரம் முழுவதும் கோணிப்போகும். நம் கரையோரமாக மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கியதும் அந்த நகர்வு தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. நகரத்துக்கு அழகான கடற்கரையைக் கொடுத்த அதே சுவர், வடசென்னை மீனவர் குப்பங்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு நூற்றாண்டு வரைபடங்களை அடுக்கினால் இது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

*பள்ளிக்கரணை.* இந்தச் சதுப்பு நிலத்தில் மாற்றம் அண்மைக் காலத்தது என்பதால் செயற்கைக்கோள் படங்களே போதும். ஆனால் அவற்றுக்கும் அளவு உண்டு. லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் தரையில் 30க்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் நான்கு கிரவுண்டு. தனி ஒரு மனை நீரில் இருந்ததா என்று அதில் பார்க்க முடியாது. 2015 முதல் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் கட்டம் 10 மீட்டர், அரை கிரவுண்டுக்கும் குறைவு. இரண்டிலும் இன்னொரு சிக்கல்: ஆகாயத்தாமரையும் கோரையும் மூடிய நீரை மென்பொருள் பசுந்தரை என்று எண்ணிவிடும். சதுப்பு நிலத்தில் இது சிறிய பிழையல்ல. மே மாதப் படத்தை மட்டும் காட்டி "இங்கே தண்ணீரே இல்லை" என்று சொல்வதும், டிசம்பர் 2015 படத்தை மட்டும் காட்டி எல்லாவற்றையும் சதுப்பு என்று சொல்வதும் ஒரே வகைத் தவறு. 1984 முதல் எத்தனை முறை நீர் இருந்தது என்று கட்டம் கட்டமாகக் கணக்கிட்ட உலக மேற்பரப்பு நீர் வரைபடம் இணையத்தில் இலவசமாக உள்ளது. அதைப் பார்ப்பது நேர்மையான வழி.

பள்ளிக்கரணையின் பரப்பு என்று செய்திகளில் வெவ்வேறு எண்கள் வருவதற்கும் இதுவே விளக்கம். 5,000 ஹெக்டேருக்கு மேல் என்பது பழைய நீர்ப்பரவலின் மதிப்பீடு. 1,247.54 ஹெக்டேர் என்பது 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பரப்பு. காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதி அதைவிடவும் சிறியது. ஒன்று நிலத்தின் எல்லை, மற்றவை ஆணைகளின் எல்லை. தண்ணீர் ஆணைகளைப் படிப்பதில்லை.

உயரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை

சிலர் பழைய ஏரியோடு நில உயரத் தரவையும் சேர்த்து "உங்கள் வீடு இத்தனை அடி பள்ளத்தில்" என்று படம் போடுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அது மொட்டை மாடியையும் மரத்தின் உச்சியையும் தரையாகக் கொள்ளும், மீட்டர் கணக்கில் பிழையும் இருக்கும். நகரத்தின் பெரும்பகுதியே கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும்போது, நெருக்கமான தெருக்களில் இந்தத் தரவால் ஒன்றும் சொல்ல முடியாது.

வரைபடம் யாரைக் குற்றம் சொல்கிறது

ஏரியின் மேல் வீடுகள் இருப்பதைக் காட்டும் படம் உடனே "ஆக்கிரமிப்பு" என்ற சொல்லை வரவழைக்கிறது. அந்தச் சொல் பெரும்பாலும் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் குடிசை போட்டவர்கள் மேல்தான் விழுகிறது. வரைபட அடுக்குகள் சொல்வது வேறு. லாங் டேங்கை மனையாக்கியது அரசாங்கம். பெருங்குடியில் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியது மாநகராட்சி. அதே சதுப்பின் ஓரங்களில் அரசு ஆய்வு நிறுவனங்களும் பறக்கும் ரயில் பாதையும் வந்தன. ஆண்டுவாரியாகப் படங்களை அடுக்கிப் பார்த்தால் யார் முதலில் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்ற வரிசை தெரியும். அந்த வரிசையைக் காட்டாமல், 1850ஐயும் இன்றையும் மட்டும் காட்டும் படம் நடுவில் இருந்த எல்லா முடிவுகளையும் மறைத்துவிடுகிறது.

பழைய வரைபடங்களுக்கும் சொந்தப் பார்வை உண்டு. அவை துரைமார்களின் தோட்ட வீடுகளை உரிமையாளர் பெயரோடு குறிக்கும். சேரியையும் குப்பத்தையும் ஒரு கறையாகப் போடும், அல்லது விட்டுவிடும். வரைபடத்தில் குடியிருப்பு இல்லை என்பதால் அங்கே மக்கள் இல்லை என்று முடிவுகட்டி, ஒருவரை நேற்று வந்தவர் என்று சொல்லிவிடக் கூடாது.

உங்கள் தெருவைப் பார்க்க

1. கூகுள் எர்த்தின் பழைய படங்கள் வசதியில் தொடங்குங்கள். 2000க்குப் பிந்தைய மாற்றங்களுக்கு அது போதும்.

2. அதற்கு முன்னால் போக, ஏற்கெனவே பொருத்தப்பட்ட வரைபடங்களைத் தேடுங்கள். பயன்படுத்துமுன் ஒரு கோயில் குளத்தின் மூலையில் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள குளமாக இருக்கட்டும். கோட்டையில் பொருந்தும் படம் வேளச்சேரியில் விலகியிருக்கலாம்.

3. ஏரியின் கரை எந்தப் பக்கம், கலங்கல் எங்கே, உபரிநீர் எந்த வழியே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்று அந்த வழியில் என்ன இருக்கிறது என்று நேரில் நடந்து பாருங்கள்.

4. ஒரே ஏரியைக் காட்டும் இரண்டு வரைபடங்களாவது வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் பகுதியை உறுதியாகவும் மற்றதை ஐயத்தோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. சட்டப்படியான முடிவு தேவை என்றால் இந்தப் படங்களோடு நிற்க முடியாது. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி ஏரியின் எல்லையை நில அளவை செய்துதான் வரையறுக்க வேண்டும். சர்வே எண்ணை வைத்து அ பதிவேட்டில் அல்லது டி.எஸ்.எல்.ஆரில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். புறநகர்க் கிராமமாக இருந்த இடம் என்றால் இப்போதைய பதிவு மட்டும் போதாது. 1980களில் நடந்த யுடிஆர் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவில் ஏரிப் புறம்போக்கு என்றும் புதிய பதிவில் வேறு வகை என்றும் இருந்தால், எந்த ஆணையின்படி வகை மாறியது என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.